அக்டோபர் மேசை

தேநீருக்கு அப்புறம் மூன்றாவது சுற்றில்தான் சங்கரேஸ்வரி அதைப் பார்த்தாள். பதினெட்டாம் தேதிக்கு அடுத்தாற்போல் இருபது கிடந்தது, இருபதுக்கு அடுத்தாற்போல் பத்தொன்பது. கால் நிற்கவில்லை, நிற்கக் கூடாது, கை மட்டும் ஒரு நொடி அந்தரத்தில் தொங்கிவிட்டு இருபதைத் தாண்டிப் போய்ப் பத்தொன்பதை எடுத்தது, பிறகு பின்னால் நீண்டு இருபதை எடுத்தது, இரண்டையும் இடது கைக் கட்டுக்கு அடியில் வரிசையாகச் செருகியது, அதற்குள் இருபத்தொன்று வந்துவிட்டது. பின்னால் வந்த கற்பகம் அக்காவின் கை இவள் கையில் இடித்தது. "என்ன பிள்ள, கை ரிவர்ஸ்ல போகுது" என்றாள் அக்கா, கோபமில்லாமல்தான். சிவகாசியில் தினசரி கேலண்டர் அடிக்கிற ஓர் அச்சகத்தின் மாடி அது. அறை நீளத்துக்கு ஒரு மேசை, அதன் விளிம்போரமாகச் சுற்றிலும் முப்பத்தொரு அடுக்கு, ஓர் அடுக்குக்கு ஒரு தேதி, வரப்போகிற வருஷத்து அக்டோபர் மாசம் மொத்தமும் அங்கே படுத்துக் கிடக்கிறது. எட்டுப் பெண்கள் ஒருத்தி பின்னால் ஒருத்தியாக அந்த மேசையைச் சுற்ற வேண்டும், நடந்தபடியே ஒவ்வோர் அடுக்கிலிருந்தும் ஒரு தாளை உருவ வேண்டும், ஒன்றில் தொடங்கி முப்பத்தொன்றில் முடித்தால் ஒரு மாசக் கட்டு, அதைக் கோடியில் இருக்கிற பலகையில் போட்டுவிட்டு மறுபடி ஒன்று. முதல் நாள் போர்மேன் தங்கப்பழம் அண்ணாச்சி அவளிடம் சொன்னது மூன்றே விஷயம். நிக்கப்படாது. பேசப்படாது. பின்னால திரும்பிப் பாக்கப்படாது. ஒருத்தி நின்னா எட்டுப் பேரும் முட்டிக்கிடுவீங்க தாயி, அவ்வளவுதான் வேலை, மூணு நாள் பாப்போம். இன்றைக்கு மூன்றாவது நாள். பன்னிரண்டரைக்குச் சாப்பாட்டு மணி அடிக்கும், அப்பா முனியசாமி தன் லோடு ஆட்டோவோடு கேட்டில் வந்து நிற்பார், அண்ணாச்சி அவரிடம் உண்டு என்பார் அல்லது இல்லை என்பார். இப்போது மணி பதினொன்று இருபது.

யார் கண்ணிலும் அது படாததற்குக் காரணம் இருந்தது, காரணமும் அவளுக்குத் தெரிந்தது. சாதாரண நாளெல்லாம் கறுப்பு, விடுமுறை நாள் சிவப்பு. பதினெட்டு ஞாயிற்றுக்கிழமை, பத்தொன்பது ஆயுத பூஜை, இருபது விஜயதசமி. மூன்றும் சிவப்பு. நடக்கிறவர்கள் எண்ணைப் படிப்பதில்லை, நாலு சுற்று போனால் எண் என்று ஒன்று இருப்பதே மறந்துபோகும், கறுப்பு கறுப்பு கறுப்பு, சிவப்பு சிவப்பு சிவப்பு, மறுபடி கறுப்பு, சரிதான், போய்க்கொண்டே இரு. தேநீர் நேரத்தில் அடுக்கெல்லாம் தீர்ந்துபோய் அண்ணாச்சியேதான் புது அடுக்கு கொண்டுவந்து வைத்தார். தோளுக்கும் காதுக்கும் நடுவில் போன், லாரி வரலைன்னா நான் என்னய்யா தலையிலயா சொமந்துட்டு வர முடியும் என்று யாரிடமோ கேட்டுக்கொண்டே வைத்தார். சங்கரேஸ்வரி அப்போது பார்த்துக்கொண்டுதான் இருந்தாள், ஆனால் பார்த்தது தாளை அல்ல, தோளை. அந்தப் போன் எப்படி விழாமல் நிற்கிறது என்று. இப்போது நினைக்கும்போது அந்தத் தோள்தான் கண்ணுக்குள் வருகிறது. நான்காவது சுற்று, ஐந்து. எட்டுப் பேரில் ஏழு பேர் கையில் விஜயதசமி முதலில் வருகிறது, ஆயுத பூஜை அதற்குப் பிறகு வருகிறது. எங்கேயோ ஒரு வீட்டில் ஞாயிற்றுக்கிழமையைக் கிழிப்பார்கள், கீழே விஜயதசமி இருக்கும், சரி என்று பிள்ளையைக் குளிப்பாட்டிப் புதுச் சட்டை போட்டுப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கக் கூட்டிக்கொண்டு போவார்கள், பள்ளிக்கூடம் பூட்டியிருக்கும். அவளையும் ஒரு விஜயதசமி அன்றைக்குத்தான் சேர்த்தார்கள். தாம்பாளத்தில் அரிசி பரப்பி, டீச்சர் அவள் விரலைப் பிடித்து அ எழுத வைக்கப் பார்த்தார்கள், அவள் போட்ட கூச்சலில் அடுத்த தெருவிலிருந்து ஆள் வந்தது. அ எழுதுவதில் அவளுக்கு ஒரு சங்கடமும் இல்லை. விரலுக்கும் நகத்துக்கும் நடுவில் அரிசி குத்தியது, அதை அவளால் தாங்க முடியவில்லை, அதுதான் விஷயம். இந்தப் பிள்ளைக்குப் படிப்பு ஏறாது என்று அன்றைக்கே ஊர் எழுதிக் கொடுத்துவிட்டது. ஒருத்தருக்காவது தாம்பாளத்தை எடுத்துவிட்டு ஒரு சிலேட்டைக் கொடுப்போம் என்று தோன்றியிருக்கலாம், தோன்றவில்லை.

சொல்லிவிட வேண்டியதுதான். அண்ணாச்சி, பத்தொம்பதும் இருவதும் மாறிக் கெடக்கு. ஐந்து வார்த்தை. எழுதித் தரச் சொன்னால் அரை நிமிஷம் ஆகாது. வாக்கியம் வயிற்றிலிருந்து கிளம்புகிறது, நெஞ்சு வரைக்கும் ஒழுங்காக வரிசையில் வருகிறது, தொண்டைக்குழியில் வந்ததும் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டு நின்றுவிடுகிறது, பஸ் படியில் ஏறுகிற கூட்டம் மாதிரி. அண்ணாச்சி என்று தொடங்கினால் அவர் கீழே மிஷின் பக்கம் இருப்பார், கேட்காது. கத்த வேண்டும். கத்தினால் சண்டை போடுகிறாள் என்று ஆகிவிடும், அவளுக்குக் குரலை ஏற்றத் தெரியும், இறக்கத் தெரியும், நடுவில் வைக்கத் தெரியாது. முன்னால் போகிற வெள்ளத்தாய் அக்காவிடம் சொல்லலாம், வெள்ளத்தாய் முதுகுதான் தெரிகிறது, ஒரு முதுகிடம் எப்படிச் சொல்வது. கற்பகம் அக்கா பின்னால், திரும்பிப் பார்க்கக் கூடாது. கீழே கட்டிங் மிஷின் டம் என்று விழுகிறது, விழுவதற்கு முன் ஒரு இழுப்புச் சத்தம், அந்த இழுப்பு வந்ததும் அவள் பல்லைக் கடித்துக்கொள்கிறாள், டம் முடிந்ததும் விடுகிறாள். காதில் அம்மா வைத்துவிட்ட பஞ்சு இருக்கிறது, பஞ்சு டம்மைக் குறைக்கிறது, வெள்ளத்தாய் அக்காவின் கண்ணாடி வளையலைக் குறைக்கவில்லை, அது எப்படியோ ஓரமாக நுழைந்து வந்துவிடுகிறது. மையின் வாசம், மிஷின் துடைக்கிற மண்ணெண்ணெய் வாசம், யாரோ தலையில் வைத்த மல்லிகை காலையிலேயே வாடிப்போன வாசம். விரலில் மாட்டியிருக்கிற ரப்பர் உறைக்குள் வேர்க்கிறது. ஆறு, ஏழு. பதினெட்டைத் தாண்டும்போது ஒவ்வொரு முறையும் நெஞ்சில் யாரோ சுண்டிவிட்டது போல் இருக்கிறது, இருபத்தொன்று வந்ததும் அடங்குகிறது, இருபத்தைந்து வரைக்கும் நிம்மதி, முப்பதிலேயே மறுபடி தொடங்கிவிடுகிறது.

ஒன்பதாவது சுற்று. இந்த வேலை அவளுக்குப் பிடித்திருந்தது, அதைச் சொல்லாமல் விட்டால் அநியாயம். நடக்கப் பழகியதிலிருந்து அவள் சுற்றிக்கொண்டுதான் இருக்கிறாள். வீட்டில் கட்டிலைச் சுற்றி, மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டியைச் சுற்றி, கல்யாண வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனால் பந்திக்கு நடுவில் இருக்கிற தூணைச் சுற்றி. ஆட்டிசம் என்று மதுரையில் டாக்டர் சொன்னபோது அவளுக்கு ஆறு வயசு, அவர் பேசி முடிக்கும் வரைக்கும் அவருடைய மேசையைத்தான் சுற்றிக்கொண்டிருந்தாள் என்று அப்பா சொல்லுவார். "ஏன்டி, உனக்குத் தலை சுத்தாதா, பாக்குற எனக்குச் சுத்துது, ஒரு எடத்துல உக்காரு" என்று அம்மா சொல்லாத நாள் கிடையாது. இங்கே வந்தால் சுற்றுவதற்குச் சம்பளம். முதல் நாள் போய் அம்மாவிடம் "அங்க சுத்தணும்மா, நிக்கக் கூடாதாம்" என்றாள். அம்மா சிரித்தாளா அழுதாளா என்று அவளுக்குப் பிரிக்கத் தெரியவில்லை, இரண்டுக்கும் அம்மாவின் வாய் ஒரே பக்கம்தான் போகிறது. இந்த வேலையைப் பார்த்துக் கொடுத்த மாமா ஒருத்தர் இருக்கிறார், நல்ல மனுஷன்தான், ஆனால் யூடியூபில் எதையோ பார்த்துவிட்டு வந்து அண்ணாச்சியிடம் அளந்துவிட்டார், இந்த மாதிரிப் பிள்ளைகளுக்குத் தேதியெல்லாம் தலைக்குள்ளயே இருக்கும் அண்ணாச்சி, எந்த வருஷத்தக் கேட்டாலும் கெழம சொல்லிருவா. அண்ணாச்சியும் விடவில்லை. "தொண்ணூத்தெட்டு ஜூன் அஞ்சு, எங்க கல்யாணம். என்ன கெழம தாயி?" என்றார். "தெரியாது" என்றாள். மாமாவின் முகம் சுருங்கிப்போனது. அண்ணாச்சி கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "எனக்கும் மறந்துபோச்சு" என்றார். அது நல்லதாக முடிந்ததா கெட்டதாக முடிந்ததா என்று மூன்று நாளாக அவள் யோசிக்கிறாள். அவளிடம் அந்த மாதிரி மந்திரம் ஒன்றும் கிடையாது. ஒன்று இடம் மாறி இருந்தால் அது மண்டையைக் குடையும், அவ்வளவுதான், எல்லோருக்கும் கொஞ்சம் குடைவது அவளுக்கு நிறையக் குடையும்.

பதிமூன்று, பதினான்கு. வாயைத் திற என்று அவளே அவளிடம் சொன்னாள். கல்லூரியிலும் இதைத்தான் சொன்னார்கள். பள்ளிக்கூடம் மூன்று மாறி, மூன்றாவதில் ஒரு ஹெட்மிஸ்ட்ரஸ் புண்ணியத்தில் பிளஸ் டூ முடித்து, அறுநூறுக்கு நானூற்றுப் பன்னிரண்டு வாங்கி, பி.காம். சேர்ந்து, முதல் வருஷம் எழுதின பரீட்சையெல்லாம் பாஸ். இரண்டாம் வருஷம் செமினார் என்று ஒன்று வைத்தார்கள். மேடையில் ஏறி ஐந்து நிமிஷம் பேச வேண்டும். அவள் ஏறினாள், இறங்கவில்லை, ஓடவில்லை, ஐந்து நிமிஷமும் நின்றாள், கையில் பதினோரு பக்கம் எழுதி வைத்திருந்தாள். எழுதினதை வாங்கிக்கொள்ளுங்கள் சார் என்று அப்பா போய்த் துறைத் தலைவரிடம் நின்றார். "ஒருத்தருக்கு மாத்துனா நாளைக்கு எல்லாரும் வந்து கேப்பாங்க, நாளப்பின்ன வேலைக்குப் போனா வாயத் தொறந்துதான ஆகணும்" என்றார் அவர். மார்க் போடவில்லை, அடுத்த செமினாரும் அதே கதை, அடுத்த வருஷம் போகவில்லை. பிறகு இப்படிப்பட்ட பிள்ளைகளுக்கு என்றே இருக்கிற ஒரு பயிற்சி மையம். காகிதக் கவர் மடிக்கக் கற்றுக்கொடுத்தார்கள். அவள் முதல் நாள் மத்தியானத்துக்குள் கற்றுக்கொண்டாள், மிச்சம் ஆறு மாசமும் அதையே மடித்தாள், அடுத்து என்ன டீச்சர் என்று ஒரு சீட்டில் எழுதிக்கொண்டுபோய் நீட்டினாள், டீச்சர் தலையைத் தடவி இதுதாம்மா என்றார்கள். பாசமாகத்தான் சொன்னார்கள். அங்கே யாரும் அவளைப் பேசச் சொல்லவில்லை, பேச வேண்டிய அவசியமே வரவில்லை, என்ன மடித்தாலும் சூப்பர் என்றார்கள், தப்பாக மடித்தாலும் சூப்பர்தான். ஒருநாள் வேண்டுமென்றே ஒரு கவரைத் தலைகீழாக மடித்துக் கொடுத்துப் பார்த்தாள். அதற்கும் கை தட்டினார்கள். அன்றைக்கு வீட்டுக்கு வந்து இனிமேல் போகமாட்டேன் என்று சொல்லிவிட்டாள், அதை மட்டும் வாயாலேயே சொன்னாள்.

பதினெட்டாவது சுற்றில் ஒரு யோசனை வந்தது. தன் கட்டை மற்றவர்களுடைய கட்டோடு போடாமல் பலகையின் ஓரத்தில் தனியாக வைத்தாள். தன்னுடையது சரியான கட்டு, அதுவும் மற்றதும் கலக்கக் கூடாது, அண்ணாச்சி வந்து பார்த்தால் ஏன் இது தனியாக இருக்கிறது என்று யோசிப்பார், இரண்டையும் பிரித்துப் பார்ப்பார், அவராகவே கண்டுபிடித்துவிடுவார், அவள் வாயைத் திறக்க வேண்டிய வேலையே இருக்காது. பத்தொன்பதாவது சுற்று, இருபது, இருபத்தொன்று. ஓரத்து அடுக்கு நாலாக உயர்ந்தது, ஐந்தாக உயர்ந்தது, அவளுக்கு லேசாகச் சந்தோஷம்கூட வந்துவிட்டது. இருபத்து நான்காவது சுற்றில் அண்ணாச்சி படியேறி வந்தார். செருப்புச் சத்தத்தை வைத்தே தெரியும், வலது கால் கொஞ்சம் இழுக்கும். பலகையருகே நின்றார். அவள் அப்போது பன்னிரண்டாம் தேதியில் இருந்தாள், எதிர்ப்பக்கம், அவர் குனிவது மேசைக்கு மேலாகத் தெரிந்தது. பாருங்க, பிரிச்சுப் பாருங்க, பிரிச்சு. "இது யாரு, தனிக்குடித்தனம் வெச்சிருக்கிறது? புதுப் பிள்ளையா?" என்று கேட்டார். கேட்டது அவளிடம். கேள்வி நேராக வந்து முன்னால் நின்றது, பதில் சொல்ல அனுமதியும் அதிலேயே இருந்தது, கேட்டால் பேசலாம், கேட்கிறவருக்குப் பதில் சொல்வது பேசுவதில் சேராது என்று அம்மாவே சொல்லியிருக்கிறாள். வாய் திறந்தது. பல்லுக்குப் பின்னால் நாக்கு ஒட்டிக்கொண்டது. டம். "எல்லாத்தையும் ஒண்ணாப் போடுங்கம்மா, கட்டுற இடத்துல குழப்பமாயிரும்" என்று சொல்லிக்கொண்டே அவர் அந்த ஆறு கட்டையும் அள்ளிப் பெரிய அடுக்குக்கு நடுவில் நடுவில் செருகிவிட்டு, போன் அடித்ததும் எடுத்துக் காதில் வைத்தபடி பக்கத்து அறையில் இருக்கிற செப்டம்பர் மேசைக்குப் போய்விட்டார்.

இப்போது விஷயம் முன்னைவிட மோசம். முன்னால் போட்டதில் அவளுடையது எட்டுக்கு ஒன்று என்று கணக்காக விழுந்திருந்தது, அதை எண்ணி ஒதுக்கிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டு மற்றதில் அந்த இரண்டு தாளை மாற்றினால் போதும். இப்போது தப்புக்கு நடுவில் அவளுடைய சரி கணக்கில்லாமல் கலந்து கிடக்கிறது, எது எது என்று ஒவ்வொன்றையும் பிரித்துத்தான் பார்க்க வேண்டும். அவள் சரியாகச் செய்தது இன்னும் வேலை வைத்துவிட்டது. அப்படியானால் இனிமேல் நாமும் தப்பாகவே எடுப்போமா என்று ஒரு சுற்று யோசித்தாள், இருபதுக்கு முன்னால் வந்ததும் கை மாட்டேன் என்றுவிட்டது. இருபத்தெட்டு. அப்பாவின் ஆட்டோ இந்நேரம் காமராஜர் சிலைப் பக்கம் எங்காவது நிற்கும். அவர் காலையில் ஒன்றும் சொல்லவில்லை, இறங்கும்போது மட்டும் "பாத்துக்கோ" என்றார், எதை என்று சொல்லவில்லை. ஜவுளிக்கடையிலும் இறக்கிவிடும்போது இப்படித்தான் சொன்னார். அங்கே ஒரு வாரம். சேலையை மடித்து வைக்கிறதில் அவளை மிஞ்ச ஆளில்லை, ஆனால் வருகிறவர்களிடம் வாங்க அக்கா என்று சொல்ல வேண்டுமாம், சொல்லவில்லை, முதலாளியம்மா "வாயில என்ன கொழுக்கட்டையா வெச்சிருக்க" என்று கேட்டாள், இல்லை என்று தலையாட்டினாள், அதற்கும் எல்லோரும் சிரித்தார்கள். சொல்லி அனுப்புறோம் என்றார்கள், இன்றைக்கு வரைக்கும் சொல்லி அனுப்பவில்லை. அதற்கப்புறம் ஜெராக்ஸ் கடை. அங்கே பேசினாள். ஒருத்தர் இரண்டு பத்திரத்தை நகல் எடுக்கக் கொண்டுவந்தார், இரண்டிலும் ஒரே பெயர், கையெழுத்து மட்டும் வேறு வேறாக இருந்தது. கையெழுத்து மாறியிருக்கு என்று சொன்னாள், ஒரு தடவை அல்ல, அவர் கேட்கவில்லை என்று நினைத்து மூன்று தடவை, கடைசித் தடவை கொஞ்சம் சத்தமாக. மத்தியானமே கடைக்காரர் அப்பாவுக்குப் போன் போட்டுவிட்டார். ஆக, பேசாததற்கு ஓர் இடத்தில் போ என்றார்கள், பேசினதற்கு ஓர் இடத்தில் போ என்றார்கள். இரண்டுக்கும் நடுவில் ஒரு அளவு இருக்கிறது, மற்றவர்களுக்கெல்லாம் அது பிறக்கும்போதே தெரிந்திருக்கிறது, அவளுக்கு ஒருத்தரும் சொல்லித் தரவில்லை. இங்கே தங்கப்பழம் அண்ணாச்சி ஒருத்தர்தான் தெளிவாக மூன்று விதி சொன்னார். அந்த மூன்றையும் அவள் காப்பாற்றினால் இந்த வேலை நிற்கும் என்று நம்பினாள். இப்போது அந்த மூன்றும்தான் வழியில் குறுக்கே நிற்கிறது. பயமாக இருந்தது, மறுபடி வீடு, மறுபடி கட்டிலைச் சுற்றி, மறுபடி அம்மா உக்காரு என்பது.

முப்பத்து மூன்று, முப்பத்து நான்கு. வீட்டில் கேலண்டர் அடுப்படி வாசலில் தொங்குகிறது. விடிந்ததும் அம்மா முதல் வேலையாகத் தேதியைக் கிழிப்பாள், அடுப்புப் பற்றவைப்பதற்கு முன்னால், முகம்கூடக் கழுவாமல். கிழித்த தாளைப் போடமாட்டாள், பின்பக்கம் வெள்ளையாக இருப்பதில் பால் எவ்வளவு, மாவு எவ்வளவு என்று எழுதுவாள், சங்கரேஸ்வரி சின்னவளாக இருந்தபோது வாய் வராத நாட்களில் அந்தத் தாளைத்தான் நீட்டுவாள், எழுதுடி, என்ன வேணும் எழுது என்று. தோசை என்று எழுதுவாள். காது வலிக்குது என்று எழுதுவாள். அம்மாவுக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும், ஆனாலும் படிப்பாள். அந்தத் தாள் எங்கேயோ ஒரு மேசையைச் சுற்றி நடந்த யாரோ எட்டுப் பேர் கையில் இருந்து வந்திருக்கிறது, அவர்கள் யாரும் தேதியை மாற்றி வைக்கவில்லை, வரிசையாக வைத்திருந்தார்கள், அதனால்தான் அம்மா முழித்தும் முழிக்காமலும் எழுந்து வந்து எண்ணைப் பார்க்காமலேயே கிழிக்கிறாள். முப்பத்தொன்பது. யாரும் எண்ணைப் பார்ப்பதில்லை. நம்பித்தான் கிழிக்கிறார்கள். நாற்பது. வாய் வராது, சரி, வாய் வராது, அதோடு பொழுதெல்லாம் மல்லுக்கட்டியாகிவிட்டது. கால் வரும். கால் எப்போதும் அவள் சொன்னதைக் கேட்டிருக்கிறது. மேடையில் ஐந்து நிமிஷம் நில் என்றால் நின்றது. நின்றால் எட்டுப் பேரும் முட்டிக்கொள்வார்கள். முட்டிக்கொள்ளட்டும். நாற்பத்தோராவது சுற்றில் பதினைந்து, பதினாறு, பதினேழு என்று எடுத்துக்கொண்டே வந்து, பதினெட்டை எடுத்ததும் சங்கரேஸ்வரி நின்றாள்.

கற்பகம் அக்கா நேராக வந்து முதுகில் மோதினாள், அவள் மேல் அடுத்தவள், அவள் மேல் அடுத்தவள். யாருடைய கையிலோ இருந்து அக்டோபர் பாதி மாசம் தரையில் கொட்டியது. "ஏத்தா, கண்ணு தெரியலையா" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. வெள்ளத்தாய் அக்கா முன்னால் போய்விட்டு, பின்னால் ஆளில்லாததைப் பார்த்துத் திரும்பினாள். செப்டம்பர் மேசையிலிருந்து அண்ணாச்சி வந்தார், போனை அணைக்காமலே பையில் போட்டுக்கொண்டு. "யாரு நின்னது?" எல்லோரும் அவளைப் பார்த்தார்கள், அதுவே பதில். "உனக்குத்தான் மொத நாளே சொன்னேன்" என்று அவர் ஆரம்பித்தார். அவள் வாயைத் திறந்தாள். நாற்பது சுற்று தயார் பண்ணி வைத்திருந்த அந்த ஐந்து வார்த்தையில் ஒன்றுகூட வரவில்லை. "பள்ளிக்கூடம் பூட்டியிருக்கும்" என்றாள், அந்த மாடிக்கே கேட்கிற மாதிரி. மற்ற ஏழு பேரும் திகைத்துப் போனார்கள். அண்ணாச்சி முகத்தில் ஒன்று கடந்து போனது, அது இரக்கம், அவளுக்கு முகம் படிக்கத் தெரியாது என்பார்கள், இந்த ஒரு முகத்தை மட்டும் நன்றாகத் தெரியும், எல்லா இடத்திலும் அனுப்பிவிடுவதற்கு முன் வருகிற முகம் அது. விடக் கூடாது. ரப்பர் உறை போட்ட விரலை அடுக்கின் மேல் வைத்து அழுத்தினாள். "இது இருவது" என்றாள். விரலை அடுத்ததில் வைத்தாள். "இது பத்தொம்பது. மொதல்ல விஜயதசமி வருது. பெறகுதான் ஆயுத பூஜை வருது." வெள்ளத்தாய் அக்கா குனிந்து பார்த்துவிட்டு, "ஆமாண்ணாச்சி, மாறித்தான் கெடக்கு" என்றாள் மெதுவாக.

அண்ணாச்சி பலகையிலிருந்து ஒரு கட்டை எடுத்துப் பிரித்தார், இன்னொன்றைப் பிரித்தார், மூன்றாவது சரியாக இருந்தது, அதைப் பார்த்துத்தான் அதிகம் குழம்பினார். "இது மட்டும் எப்படிச் சரியா இருக்கு?" "அது என் கட்டு." "மத்த உன் கட்டெல்லாம் எங்க?" "தனியாத்தான் வெச்சேன். நீங்க ஒண்ணாச் சேத்துட்டீங்க." "நீ எப்ப பாத்த இத?" என்றார். இப்போதுதான் என்று சொல்லியிருந்தால் தீர்ந்தது, கற்பகம் அக்காகூட அப்படிச் சொல்லிவிடு என்பது போல் அவள் இடுப்பில் லேசாக இடித்தாள், இடித்தது எதற்கு என்று அவளுக்குப் புரியவில்லை. "மூணாவது சுத்துல." "இப்ப எத்தனாவது சுத்து?" "நாப்பத்தொண்ணு." ஐயோ என்று யாரோ தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்கள், முந்நூறு கட்டுக்கு மேல் பிரித்து அடுக்க வேண்டும். "பாத்துட்டா உடனே சொல்றதுக்கென்ன தாயி?" "பேசப்படாதுன்னீங்க." "நிக்கவும்தான் கூடாதுன்னேன். இப்ப மட்டும் நின்ன?" இதற்கு அவள் யோசித்தாள். எல்லோரும் காத்திருப்பது தெரிந்தது, தெரிந்தும் அவசரப்படவில்லை. "நின்னா எட்டுப் பேரு முட்டிக்கிடுவோம்" என்றாள். "நிக்கலன்னா எல்லார் வீட்டுலயும் தப்பா இருக்கும். எட்டுப் பேருதான் கம்மி." அண்ணாச்சி மேசையைப் பார்த்தார். "யாரு இத மாத்தி அடுக்குனது?" என்று பொதுவாகக் கேட்டார். "நீங்க. போன் பேசிக்கிட்டே" என்றாள் சங்கரேஸ்வரி. வெள்ளத்தாய் அக்கா முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பி நின்றாள், அவள் தோள் குலுங்கிற்று, வளையல் சத்தம் கேட்டது. அண்ணாச்சி கழுத்தைச் சொறிந்தார். பிறகு அவரே இரண்டு அடுக்கையும் தூக்கி இடம் மாற்றி வைத்து, ஒருமுறை பதினேழிலிருந்து இருபத்திரண்டு வரைக்கும் விரலால் தொட்டு எண்ணினார். "உக்காந்து பிரிங்கம்மா எல்லாத்தையும்" என்றார். போகப் போனவர் திரும்பினார். "அடுத்த தடவ மூணாவது சுத்துலயே நில்லு. நாப்பது வரைக்கும் பாத்துட்டு இருக்காத."

அடுத்த தடவை. அவள் அதைப் பிடித்துக்கொண்டாள். ஆனால் இந்த மாதிரி வார்த்தையை நம்பி ஏமாந்தவள் அவள், சொல்லி அனுப்புறோம் என்பதும் இப்படித்தான் நல்ல வார்த்தையாகக் கேட்டது, ஒரு மாசம் வாசலிலேயே உட்கார்ந்திருந்தாள். எனவே தெரிந்துகொள்ள வேண்டும். "அடுத்த தடவைன்னா எப்ப அண்ணாச்சி?" "அது எப்ப வேணா வரும், தப்பு என்ன நாள் பாத்தா வருது." "நாளைக்கு நான் வரணுமா?" "எட்டரைக்கு கேட்டு தொறப்பாங்க" என்றார் அவர், படியில் ஒரு காலை வைத்தபடி. அதுவும் பதில் இல்லை, கேட் எல்லோருக்கும்தான் திறக்கும். "வரணுமா, வேண்டாமா?" என்றாள். குரல் நடுவில் நின்றது, ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை, அதை அவளே கேட்டாள். அண்ணாச்சி படியிலிருந்து அவளை முழுசாகப் பார்த்தார். "வா தாயி" என்றார். "நாளைக்கு வா, அதுக்கு மறுநாளும் வா." பிறகு எட்டுப் பேரும் தரையில் உட்கார்ந்து கட்டுகளைப் பிரித்தார்கள், முணுமுணுத்துக்கொண்டேதான் பிரித்தார்கள், கற்பகம் அக்கா மட்டும் தான் பிரித்ததை ஒருமுறை இவளிடம் நீட்டிச் சரிதானா என்று கேட்டு வாங்கிக்கொண்டாள். பன்னிரண்டரைக்கு மணி அடித்தது. கேட்டருகே அப்பா ஆட்டோவில் சாயாமல் நேராக நின்றுகொண்டிருந்தார், அவள் வருவதைப் பார்த்ததும் அவளுக்குப் பின்னால், அச்சக வாசலில், அண்ணாச்சி வருகிறாரா என்று தேடினார். யாரும் வரவில்லை. "நாளைக்கு எட்டரைக்கு விடணும்ப்பா" என்றாள் சங்கரேஸ்வரி. அப்பா இன்னும் வாசலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். "அண்ணாச்சியா சொன்னாரு?" என்றார். "நான் கேட்டேன்" என்றாள்.